காற்று விட்டால்தான் கப்பல்

ஸ்காட்லாந்து கிளம்பும் நம்மவர்கள் பெட்டியில் முதலில் வைப்பது குடை. அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். மேற்குக் கரைத் தீவுகளில் மழை பக்கவாட்டிலும் அடிக்கும். அந்தக் காற்றுக்குக் குடை இரண்டு நிமிஷம் தாங்காது. தலையை மூடும் மழைக்கோட்டும் தண்ணீர் புகாத ஷூவும்தான் கைகொடுக்கும். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

அதே காற்று பயணத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும். எட்டே நாளில் லண்டன், எடின்பரோ, ஸ்கை, மல், ஆர்க்னி என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. காற்று பலத்தால் ஃபெர்ரி ரத்து, கெஞ்சிப் பயனில்லை. பாரா தீவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது என்பதால், அதன் நேரத்தைக் கடல் ஏற்றவற்றம் தீர்மானிக்கிறது! எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு எந்தத் தீவிலும் தங்காதீர்கள். இடையில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். அது வீணாகாது, கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ சுற்ற நிறைய இருக்கிறது.

கார் கொண்டுபோவதானால் முதலில் ஃபெர்ரியில் இடம் பிடியுங்கள், பிறகு அறை. பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு, அறை இருந்தும் போய்ச் சேர வழியின்றித் தவிக்கிறார்கள். கோடையில் கார்களுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். காரில்லாமல் ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை.

உண்மையில் கார் இல்லாமலே அழகான ஒரு சுற்று இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் ஓபன் என்ற சிறு துறைமுக ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கப்பல் துறை. ஒரு மணி நேரத்துக்குள் மல் தீவு. அங்கே காத்திருக்கும் பஸ்ஸில் தீவின் மறுகோடி; அங்கிருந்து பத்து நிமிஷப் படகில் அயோனா. 563-ல் அயர்லாந்திலிருந்து வந்த புனித கொலம்பா மடாலயம் அமைத்த இடம். வெளியூர்க்காரர்களின் கார்களுக்கு இங்கே அனுமதியில்லை. கடைசிப் படகின் நேரத்தை மட்டும் இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பலே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்கை இருக்கிறது. 1995-ல் பாலம் வந்தது. 2004-ல் சுங்கமும் போனது. கூட்டமும் அதற்கேற்றபடிதான். ஜூலை, ஆகஸ்டில் அறை பதிவு செய்யாமல் போவது அசட்டுத் துணிச்சல்.

சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குச் சிரமமில்லை. ஆனால் தீவுகளில் பல சாலைகள் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிட ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். பின்னால் அவசரமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் அங்கே ஒதுங்கி வழிவிடுவதுதான் மரியாதை. போட்டோ எடுக்க அங்கே காரை நிறுத்துவது மகா பாவம்.

கோடையில் இன்னொரு தொல்லை மிட்ஜ். கொசுவைவிடச் சிறியது, கூட்டமாக வந்து கடிக்கும். காற்று வீசினால் காணாமல் போய்விடும். குடையைப் பறித்த காற்றுக்கு அப்போது நன்றி சொல்வீர்கள். தொல்லை குறைவான மாதம் வேண்டுமென்றால் மே தொடக்கம்: பகல் நீளம், கூட்டம் கம்மி. டிசம்பரிலோ எடின்பரோவிலேயே நாலு மணிக்கு முன் சூரியன் மறைந்துவிடும்.

லூயிஸ், ஹாரிஸ் தீவுகளில் ஞாயிறு இன்னமும் ஓய்வுநாள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ரொட்டி, பெட்ரோல் இரண்டையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஆட்டின் ஈரலும் இதயமும் சேர்த்துச் செய்யும் ஹாக்கிஸுக்குக்கூடப் பருப்பும் ஓட்ஸும் போட்ட சைவ வடிவம் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டன் விசாவே போதும். தனி விசா கிடையாது. பணமும் பவுண்டுதான், ஆனால் ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. அவற்றை அங்கேயே செலவழித்துவிடுங்கள், அல்லது இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் நாணய மாற்றுக் கடைக்காரரிடம் வாதாட நேரிடும்.