முதல் செலவு டயருக்கா, ஸ்ட்ரட் பாருக்கா?

சுறுசுறுப்பாக ஓடும் கார் வாங்கிய இளைஞர், அடுத்து அதில் எதை மாட்டலாம் என்று யோசிப்பது இயல்பு. ஸ்விஃப்ட், போலோ ஜி.டி., ஐ20 என் லைன் போன்ற கார்களுக்குப் பலரும் சிபாரிசு செய்வது முன்பக்க ஸ்ட்ரட் பார். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும்; இன்ஜினைத் தொடாமல் சில போல்ட்டுகளிலேயே மாட்டிவிடலாம்; வளைவில் வண்டி உறுதியாக நிற்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் அன்றாடம் ஓடும் ஒரு காருக்கு இது தேவையற்ற செலவு. அதே பணத்துக்கு இதைவிட நல்ல பாதுகாப்பும் நல்ல ஓட்டமும் வேறு இடத்தில் கிடைக்கும்.

இந்தப் பாரின் வேலை எளிது. நம் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களைத் தாங்குவது, ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சனின் பெயரால் வழங்கும் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்க, அதன் தலை பானெட்டுக்கு அடியில் இருபுறமும் உள்ள டவர்களில் பொருந்தியிருக்கும். வேகமாக வளையும்போது இந்த டவர்களில் பக்கவாட்டு விசை விழுகிறது. அவை மிகச் சிறிய அளவுக்கு நெளிய, சக்கரம் நிற்கும் கோணமும் சற்றே மாறுகிறது. இரண்டு டவர்களையும் குறுக்கே ஒரு கம்பியால் பிணைத்தால் நெளிவு குறையும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தப் பலன் எவ்வளவு, எந்த வேகத்தில் தெரியும் என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால், பக்கவாட்டு விசை வண்டியின் எடையில் கால் பங்குதான். காய்ந்த சாலையில் நல்ல டயர் முக்கால் பங்கு வரையாவது தாங்கும். அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் அதே வளைவில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். பாலராமபுரத்துக்குத் தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரும் நெடுஞ்சாலையிலும், வெள்ளறடை, பனச்சமூடு, காரக்கோணம் பக்கத்து ஊர்ச்சாலைகளிலும் அந்த வேகத்தில் வளைவது பிறர் உயிரோடு விளையாடுவது. வீட்டு வாசலும் கடைத் திண்ணையும் பேருந்து நிறுத்தமும் சாலையை ஒட்டியே இருக்கும் ஊர்கள் இவை. ஸ்ட்ரட் பார் தன் பலனைக் காட்டும் வேகத்துக்கு இங்கே இடமே இல்லை.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பந்தயக் கார்களில் இது இருக்கிறது, கார் நிறுவனங்களே பொருத்தியிருக்கின்றன, பிறகு எப்படித் தேவையற்றது ஆகும் என்பார்கள். உண்மைதான். 1965-ஆம் ஆண்டின் ஷெல்பி ஜி.டி.350 மஸ்டாங்கிலேயே டவர்களைப் பிணைக்கும் கம்பி இருந்தது. ஆனால் அந்தக் காலத்து உடற்கூடு வேறு. இன்றைய கார்கள் உறுதி மிக்க எஃகால், கணினியில் சோதித்து வடிவமைக்கப்படுபவை. பல சிறிய கார்களில் டவர்கள் இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டியே நிற்பதால், அந்தச் சுவரே ஓரளவு பிணைப்பைத் தந்துவிடுகிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ ஓடும் காருக்குப் பந்தய டயரும் விறைப்பான சஸ்பென்ஷனும் உண்டு. எதிரே ஆட்டோ வராது. அங்கே இந்தக் கம்பிக்கு வேலை இருக்கிறது. மாட்டியதும் ஸ்டியரிங் கூர்மையானதாக உணர்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கூர்மையாகத் தோன்றுவதாலேயே சாலைப் பிடிப்பு கூடிவிடாது. பிடிப்பைத் தருவது டயர் மட்டுமே.

பலன் குறைவானாலும் கெடுதல் இல்லையே என்பது அடுத்த வாதம். அதையும் ஏற்க முடியாது. நடந்து போகிறவர் மீது கார் மோதினால் அவர் தலை பானெட்டில் விழலாம். பானெட் உள்ளே அமுங்குவதற்கு அடியில் இடைவெளி வேண்டும். இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாகியுள்ள பாதசாரி பாதுகாப்பு விதி இதையும் சோதிக்கிறது. அந்த இடைவெளியில் உலோகக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்தால் நிறுவனம் செய்த சோதனைக்கு அர்த்தமில்லை. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. கம்பி மாட்டுவது அந்த வரம்புக்குள் வருமா என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தைச் சாலையோரத்தில் அதிகாரியிடமும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமும் நடத்த வேண்டிவரும். இது மத்தியச் சட்டம் என்பதால், களியக்காவிளை எல்லையைத் தாண்டினாலும் நிலைமை மாறாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் பகுதி இது. ஈரச் சாலையில் முதலில் கைவிடுவது தேய்ந்த டயர்தான். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது; அதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது நல்லது. அடுத்து வீல் அலைன்மென்ட், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட் ஆகியவற்றைப் பாருங்கள். பள்ளமும் மேடுமான சாலையில் காரைத் தளர்த்துவது இவைதான். இவற்றைப் புதுப்பித்தாலே வண்டி உறுதியாக ஓடும். எல்லாம் சரியாக இருந்தும் வேகத்தின் மீது ஆசை மிச்சமிருந்தால் பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். ஊர்ச்சாலையில் ஓடும் காருக்கு இந்தக் கம்பி வேண்டாம்.