அங்கன்வாடி ஆசிரியையும் கிராம சபையும்

மரக்காணத்து உப்பளங்களில் வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையிலேயே வேலை தொடங்குகிறது. அங்கன்வாடியோ பொழுது ஏறிய பின்னரே திறக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் மழலைகள் படும் பாட்டை நன்கறிந்தவர் அங்கன்வாடி ஆசிரியையே. ஆயினும் கிராம சபையில் அவர் சொல்லை நாம் கேட்டதுண்டா?

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை ஊர்தோறும் சுமப்பவர் இவர்களே. இவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குஜராத் ஊழியர்கள் அஞ்சாது வழக்காடியதன் பயன் அது.

தனித்துப் பேச ஆசிரியை தயங்கலாம்; ஊரார் உடன் நின்றால் அத்தயக்கம் நீங்கும். அக்டோபர் 2 கிராம சபை கூடும் நாளுமாகும். அன்று நெசவாளரும் உழவரும் அவரை அழைத்துச் சென்று பேசச் செய்து, மையத்தை முன்னதாகத் திறக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டுமென்பதே எமது விண்ணப்பம்.