தள்ளாடா நிலைக்குக் கைரோபிராக்டிக் துணையாகுமா?

மெய், வாய், கண், மூக்கு, செவி எனப் பொறிகளை ஐந்தாக எண்ணுதல் நம் மரபு. இவ்வெண்ணிக்கையில் தனித்து இடம்பெறாத உணர்வு ஒன்றும் நம்மிடம் உண்டு. இருளிலே கையை நீட்டினாலும் கை எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிகிறோம் அன்றோ? அவ்வுணர்வுக்கு 1906ஆம் ஆண்டில் ஆங்கில உடலியல் அறிஞர் சார்லஸ் செரிங்டன் 'புரோப்பிரியோசெப்ஷன்' எனப் பெயரிட்டார். நாம் அதனை 'உடலுணர்வு' என வழங்கலாம். தசையிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய உணர்வுறுப்புகள் அனுப்பும் செய்தியையும், கண்ணும் உட்செவியும் தரும் செய்தியையும் மூளை ஒப்புநோக்கியே நம்மை விழாமல் நிறுத்துகின்றது.

முதுமையில் இம்மூன்றும் தளர்கின்றன. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின், சமநிலைக்கு உதவும் என்று சொல்லப்படும் எந்த மருத்துவத்தையும் ஆராயாது தள்ளிவிடுதல் தகாது. கைரோபிராக்டிக் அவற்றுள் ஒன்று.

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பார் இதனைத் தொடங்கினார். பெயர் கிரேக்கம், 'கையால் செய்வது' என்பது பொருள். (தமிழ்ச் செவிக்குக் 'கை' என்றே கேட்கின்றது, அதுகொண்டு உறவு கொண்டாட வேண்டுவதில்லை!) முள்ளெலும்புகள் இடம் பிறழ்வதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார் பாமர். அக்கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை, நாமும் ஏற்பதற்கில்லை. எனினும், கொள்கை பிழைபட்டதனாலேயே கைப்பயனும் இல்லை என்று முடிவுகட்டுதல் முறையன்று.

கழுத்தின் மேற்புறத்துச் சிறு தசைகளில் உணர்வுறுப்புகள் மிகச் செறிவாக உள்ளன. தலை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை மூளைக்கு உணர்த்துவதில் அவற்றின் பங்கு பெரிது. கழுத்துவலியால் வருந்துவோர் சிலர்க்குத் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் தோன்றுவதற்கு அச்செய்தி பிறழ்வதும் ஒரு காரணம் எனக் கருதுவர். இறுகிய மூட்டைக் கையால் அசைத்துத் தளர்த்தினால் செய்தி திருந்தக்கூடும் என்பது கைரோபிராக்டிக் வல்லுநரின் வாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் முதியோர் 60 பேரைக் கொண்டு 12 வாரம் நிகழ்த்திய ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. இம்மருத்துவம் பெற்றோர்க்குக் கணுக்கால் நிலையை உணரும் திறனும், விரைந்து அடியெடுத்து வைக்கும் திறனும் மேம்பட்டன என்று அது கூறிற்று.

இம்முடிவு நம்பிக்கையூட்டுவதே. ஆயினும் ஆய்வாளர்களில் முதன்மையானோர் கைரோபிராக்டிக் கல்லூரியைச் சார்ந்தவர்கள்; மருத்துவம் பெற்றவர்க்கோ தாம் அதனைப் பெறுவது தெரியும். மேலும், அங்கே அளக்கப்பட்டது திறன்; விழுதல் குறைந்ததென்று அதனால் நிறுவப்படவில்லை. தேர்வில் ஒரு வினாவுக்கு நன்கு விடையெழுதிய மாணவனை அதற்குள் முதல் வகுப்பில் தேறியவனாக அறிவிப்போமா?

உடற்பயிற்சியின் நிலை வேறு. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளை, 23,407 முதியோரைக் கணக்கிற்கொண்டது. உடற்பயிற்சி செய்வோரிடையே விழுதல் 23 விழுக்காடு குறைந்தமை அதனால் தெரியவந்தது. எனவே சமநிலைப் பயிற்சி முதலில். கைரோபிராக்டிக், கழுத்துவலியோ முதுகுவலியோ அப்பயிற்சிக்குத் தடையாயின், அத்தடையை நீக்கும் துணை. இதுவே நம் கருத்து.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற வேண்டும். முடிதிருத்தும் கடையில் தலையைப் பற்றித் திடுமெனத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை மருத்துவமென மயங்குவோர் நம்மிடையே பலர். கழுத்தைத் திடீரெனத் திருகியபின் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் கிழிந்த நிகழ்வுகள், அரிதாயினும், பயின்ற கைகளிலும் பதிவாகியுள்ளன. எலும்பு மெலிந்த முதியோர்க்கு இடர் மிகுதி. அவர்கள் கழுத்தை எவரிடமும் கொடுக்குமுன் மருத்துவரைக் கண்டு, தள்ளாட்டம் காதினால் வந்ததா, மருந்தினால் வந்ததா, நரம்பினால் வந்ததா என்று தெளிந்துகொள்ள வேண்டும்.