தரையிறக்கத்தைத் தற்காப்பு என்று அழைப்பது எவ்வாறு?

தென்கொரியாவின் தென்கிழக்குக் கரையில் அமைந்திருக்கும் உருக்குத் தொழில் நகரமான போஹாங்கை அண்டிய கடற்கரையொன்றில் 2023 மார்ச் 29 ஆம் திகதி அமெரிக்க, தென்கொரிய மரைன் படையினர் ஒன்றாகத் தரையிறங்கினர். சுமார் 12,000 படையினரும் 30 அளவிலான கப்பல்களும் 70 விமானங்களும் 50 ஈரூடகக் கவச வாகனங்களும் அந்தப் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டன. அமெரிக்கக் கடற்படையின் 'மக்கின் ஐலண்ட்' என்ற பாரிய தாக்குதல் கப்பல் கடலில் நிற்க, புகைத்திரைக்கு ஊடாகக் கவச வாகனங்கள் மணலில் ஏறின. பிரிட்டிஷ் கொமாண்டோக்கள் சிலரும் வந்திருந்தனர். 'சங்யோங்', அதாவது இரட்டை டிராகன் என்ற பெயரில் 2012 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டு 2018 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கைவிடப்பட்டிருந்த இந்தக் கூட்டுப் பயிற்சி, ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு முன்னரை விடவும் பெரிய அளவில் மீண்டும் நடத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் மறுபடியும் இடம்பெற்றது.

பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த வருடங்களில் இத்தகைய பயிற்சிகள் பற்றிய செய்திகளை எத்தனை தடவைகள் மொழிபெயர்த்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. வசந்தகாலம் வந்தால் செய்தி முகவரகங்களிடமிருந்து இரு செய்திகள் ஒன்றாகவே வரும். ஒன்று சியோலில் இருந்து வருவது. பயிற்சிகள் 'முற்றுமுழுதாகத் தற்காப்பு நோக்கிலானவை' என்று அதில் கூறப்பட்டிருக்கும். மற்றையது பியோங்யாங்கில் இருந்து வருவது. அவை 'படையெடுப்புக்கான ஒத்திகை' என்று அதில் கண்டிக்கப்பட்டிருக்கும். முன்னைய வருடத்துச் செய்தியை எடுத்து எண்களை மாத்திரம் மாற்றிவிட்டால் போதும் என்று உதவி ஆசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இரு தரப்பும் வழமையாகச் சொல்வதைத்தான் சொல்கின்றன என்ற சலிப்பு, அவற்றில் எது உண்மைக்கு நெருக்கமானது என்ற கேள்வியையே எங்களிடமிருந்து பறித்துவிட்டிருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் சியோலுக்கும் வாஷிங்டனுக்கும் வசதியானதல்ல. தென்கொரியாவில் 28,500 அமெரிக்கப் படையினர் நிலைகொண்டிருக்கிறார்கள். இரு நாடுகளும் சேர்ந்து மேற்கொள்ளும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றைத் தற்காப்பு என்று அழைப்பதில் தவறில்லை. ஏவுகணைகளை இடைமறிப்பதற்கும் எல்லைக் காவலரண்களைப் பலப்படுத்துவதற்கும் பொதுமக்களை வெளியேற்றுவதற்கும் பயிற்சி பெறுவதை வேறு எவ்வாறு அழைக்கமுடியும்? ஆனால், கடல்வழித் தரையிறக்கம் வேறுவகையானது. எவரும் தன் வசமிருக்கும் கரையில் தரையிறக்கத் தாக்குதல் நடத்தவேண்டிய தேவையில்லை. எதிரியின் வசமிருக்கும் கரைக்குச் சென்று, அங்கே காலூன்றி, உள்நோக்கி முன்னேறுவதே அதன் முழுநோக்கமுமாகும். போஹாங் மணலில் ஏறும் படைவீரர் மனதிற்கொள்ளவேண்டிய கரை போஹாங் அல்ல என்பதை அவரும் அறிவார், அவரைத் தொலைவிலிருந்து அவதானித்துக்கொண்டிருப்பவர்களும் அறிவார்கள்.

இதற்கு இராணுவத் தரப்பினரிடம் ஒரு பதில் இருக்கிறது. அது அலட்சியம் செய்யத்தக்கதல்ல. 1950 ஜூன் 25 ஆம் திகதி படையெடுத்தது வடகொரியாதான். சில வாரங்களுக்குள் தென்கொரியாவின் தென்கிழக்கு மூலையொன்றைத் தவிர மற்றெல்லாம் பறிபோய்விட்டது. நிலைமையைத் தலைகீழாக மாற்றியது அதே வருடம் செப்டெம்பர் 15 ஆம் திகதி ஜெனரல் மக்ஆர்தர் இஞ்சோனில் நடத்திய தரையிறக்கம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஏறத்தாழ 30 அடி வித்தியாசம் காணப்படும் துறைமுகம் அது. தரையிறங்குவதற்குக் கிடைத்ததோ சில மணிநேர அவகாசம். அந்தத் துணிச்சல் இல்லாதிருந்தால் தென்கொரியா என்ற நாடே இன்று இருந்திருக்காது என்று கூறுபவர்களுடன் தர்க்கிப்பது கடினம். எனவே, தாக்கப்பட்டால் திருப்பித் தாக்குவதற்கான ஆற்றலும் தற்காப்பின் ஓர் அங்கமே என்கிறார்கள் அவர்கள்.

ஆனால், இஞ்சோனைப் பற்றிப் பேசுபவர்கள் வொல்மி தீவைப் பற்றியும் பேசவேண்டும். இஞ்சோன் துறைமுகத்தின் வாயிலில் அமைந்திருக்கும் அந்தச் சிறிய தீவு தரையிறக்கத்துக்குத் தடையாக இருந்தது. அங்கே வடகொரியப் படையினர் நிலைகொண்டிருந்தனர். அவர்களுக்கு அருகே ஒரு மீனவக் கிராமமும் இருந்தது. தரையிறக்கத்துக்கு ஐந்து நாட்கள் முன்னதாக, செப்டெம்பர் 10 ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் அந்தத் தீவின் மீது நேபாம் எரிகுண்டுகளை வீசின. கிராமம் சாம்பலாகியது. இந்தச் சம்பவத்தை ஆராய்ந்த தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, சுமார் நூறு குடிமக்கள் கொல்லப்பட்டதாக 2008 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதாவது, அந்த மக்களின் மரணம் அரசாங்கத்தின் பதிவேட்டில் இடம்பெறுவதற்கு 58 வருடங்கள் சென்றன. உயிர்தப்பியவர்களால் ஊர் திரும்பவும் முடியவில்லை. போருக்குப் பின்னர் தீவு முதலில் அமெரிக்கப் படையினரின் தளமாகவும் பிறகு தென்கொரியக் கடற்படையின் தளமாகவும் இருந்தது. இறுதியில் அந்த நிலம் பூங்காவாக மாறியது. தங்கள் நிலத்தைத் திருப்பித் தருமாறு கோரிப் பல வருடங்களாகப் போராடிய அந்த முதியவர்களைப் பற்றி வாசித்தபோது, அவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பது எனக்கு மறந்துபோனது.

போஹாங் ஒத்திகையில் இல்லாதது அந்தக் கிராமம்தான். அங்கே கடற்கரை முன்கூட்டியே வெறுமையாக்கப்படுகிறது. செய்தியாளர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. 2023 செப்டெம்பரில் இஞ்சோன் தரையிறக்கத்தின் 73 ஆவது வருட நிறைவு அந்தத் துறைமுகக் கடலிலேயே, அன்றைய ஜனாதிபதி யூன் சுக் யோலின் தலைமையில், போர்க்கப்பல்களைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டப்பட்டது. அரசுகள் தங்கள் வெற்றிகளை நடித்துக் காட்டும்போது யாரை மேடையில் ஏற்றுவதில்லை என்பதை நாமும் கண்டிருக்கிறோம்.

இராணுவக் கண்கொண்டு பார்த்தாலும் இஞ்சோன் முழுக்கதையல்ல. அதே வருடம் ஒக்டோபரில் வடகொரியாவின் கிழக்குக் கரையிலுள்ள வொன்சான் துறைமுகத்திலும் தரையிறங்குவதற்கு மக்ஆர்தர் திட்டமிட்டார். கடலில் விதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகள் ஏறக்குறைய மூவாயிரம். அவற்றை அகற்றும்வரை மரைன்களை ஏற்றிய கப்பல்கள் கடலில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன. சலித்துப்போன படையினர் அதற்கு 'யோ-யோ நடவடிக்கை' என்று பெயரும் சூட்டினார்கள். ஒருவாறாக ஒக்டோபர் 26 ஆம் திகதி அவர்கள் கரையேறியபோது, நகரைத் தென்கொரியப் படையினர் தரைவழியாக வந்து எப்போதோ கைப்பற்றியிருந்தனர். நகைச்சுவை நடிகர் பொப் ஹோப் கூட அவர்களுக்கு முன்னதாக அங்கே வந்து, படையினருக்கான கலைநிகழ்ச்சியையும் நடத்தியிருந்தார். பழைய கண்ணிவெடிகளே இவ்வளவு செய்தன என்றால், ஏவுகணைகளும் ட்ரோன்களும் மலிந்துவிட்ட காலத்தில் பெரிய கப்பல்களைக் கரைக்கு அருகே கொண்டுசெல்வது எந்தளவுக்குச் சாத்தியம் என்று மரைன் படைகளுக்குள்ளேயே விவாதம் நடப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் இந்தப் பயிற்சியின் உண்மையான பெறுமதி எங்கே இருக்கிறது? பேச்சுவார்த்தை மேசையில் என்பதே எனது அபிப்பிராயம். வரலாறு இதற்கு இரு தடவைகள் சான்று பகர்கிறது.

1976 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட 'டீம் ஸ்பிரிட்' என்ற கூட்டுப் பயிற்சி, 1980 களில் சுமார் இரண்டு இலட்சம் படையினர் பங்கேற்கும் அளவுக்குப் பெருத்தது. கடல்வழித் தரையிறக்கமும் அதில் ஓர் அங்கம். 1992 ஆம் ஆண்டுக்கான பயிற்சியை நிறுத்துவதாக சியோலும் வாஷிங்டனும் அறிவித்த அதே ஜனவரியில், பல வருடங்களாக இழுத்தடித்துக் கொண்டிருந்த வடகொரியா சர்வதேச அணுசக்தி முகவரகத்துடன் பாதுகாப்புக் கண்காணிப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. பரிசோதகர்கள் உள்ளே சென்றனர். ஆனால், அதே வருடம் ஒக்டோபரில் பயிற்சியை மீண்டும் நடத்தப்போவதாக அறிவிக்கப்பட்டது. 1993 மார்ச்சில் அது ஆரம்பமாகியபோது நாட்டை அரைப்போர் நிலைக்குக் கொண்டுவந்த பியோங்யாங், மார்ச் 12 ஆம் திகதி அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையிலிருந்து விலகப்போவதாகப் பிரகடனம் செய்தது. முகவரகம் கோரிய விசேட பரிசோதனைகளும் அதற்குக் காரணமாக இருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால், பயிற்சியை மீண்டும் ஆரம்பிப்பதற்கு எடுக்கப்பட்ட தீர்மானத்தை அன்று சியோலில் அமெரிக்கத் தூதுவராக இருந்த டொனால்ட் கிரெக் பின்னர் கடுமையாக விமர்சித்தார். அவர் சமாதான இயக்கக்காரர் அல்ல, நீண்டகாலம் சி.ஐ.ஏ. யில் பணியாற்றியவர்.

இரண்டாவது தடவை 2018. அந்த வருடத்துச் சங்யோங் பயிற்சி ஏப்ரலில் ஆரவாரம் எதுவுமின்றி நடத்தி முடிக்கப்பட்டது. ஏப்ரல் 20 ஆம் திகதி அணுகுண்டுப் பரிசோதனைகளையும் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைப் பரிசோதனைகளையும் நிறுத்துவதாக கிம் ஜொங் உன் அறிவித்தார். ஜூன் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் அவரைச் சந்தித்த ஜனாதிபதி ட்ரம்ப், கூட்டுப் பயிற்சிகள் ஆத்திரமூட்டுபவை என்றும் செலவுமிக்கவை என்றும் கூறி அவற்றை நிறுத்தப்போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். சியோலுக்கே அது எதிர்பாராத செய்தி. வடகொரியா பல தசாப்தங்களாகப் பயன்படுத்திவந்த சொற்களை அமெரிக்க ஜனாதிபதியின் வாயிலிருந்து கேட்பது பத்திரிகையாளர்களுக்கு ஒரு விநோதமான அனுபவமாக இருந்தது. பெறுமதியான ஒரு பொருளை எழுத்தில் எதையும் பெறாமல் கொடுத்துவிடுவது பேரம் பேசத் தெரிந்தவர் செய்யும் காரியமல்ல. 2019 பெப்ரவரியில் ஹனோய் உச்சிமகாநாடு தோல்வி கண்டபோது மேசையில் வைப்பதற்கு அந்தச் சீட்டு மிஞ்சியிருக்கவில்லை.

பயிற்சி மீண்டும் ஆரம்பித்த 2023 மார்ச்சில் வடகொரியாவின் பதில் கடலுக்கடியில் இருந்து வந்தது. 59 மணிநேரம் நீருக்கடியில் பயணம் செய்ததாகக் கூறப்படும் ஆளில்லாத அணுவாயுதச் சாதனமொன்றைப் பரிசோதித்ததாக அறிவித்த பியோங்யாங், அதற்கு 'ஹெயில்' என்று பெயரிட்டிருந்தது. சுனாமி என்பது அதன் பொருள். கடற்படை அணிகளையும் துறைமுகங்களையும் அழிப்பதற்கானது என்று விளக்கமும் தரப்பட்டது. அந்த உரிமைகோரல்களை நிபுணர்கள் பலர் சந்தேகத்துடனேயே நோக்கினார்கள். ஏப்ரல் 3 ஆம் திகதி பயிற்சி முடிவடைந்தது; ஏப்ரல் 7 ஆம் திகதியிலிருந்து வடக்கு, தெற்கின் தொலைபேசி அழைப்புக்களுக்குப் பதிலளிப்பதை நிறுத்தியது. இதுவே என்னை அச்சுறுத்துகிறது. 1953 ஜூலையில் போர்நிறுத்த உடன்படிக்கை மாத்திரமே கைச்சாத்திடப்பட்டது, சமாதான உடன்படிக்கை எதுவுமில்லை. இரு தரப்பும் ஆயுதங்களைக் குவித்துக்கொண்டே போகையில் ஒத்திகை எது, ஆயத்தம் எது என்று விசாரிப்பதற்கு ஒரு தொலைபேசி இணைப்பும் இல்லாமல் போவதை விடப் பெரிய ஆபத்து எது?

இது கற்பனைப் பயம் அல்ல. 2010 நவம்பர் 23 ஆம் திகதி யொன்பியொங் தீவில் தென்கொரிய மரைன்கள் பீரங்கிப் பயிற்சி செய்த அன்றே வடகொரியா அத்தீவின் மீது ஷெல் வீச்சு நடத்தியது. இரு மரைன்களும் இரு குடிமக்களும் பலியாகினர். பயிற்சியைச் சாட்டாக வைத்துக் குடிமனைகளின் மீது ஷெல் வீசியதை எந்தக் காரணத்தினாலும் நியாயப்படுத்தமுடியாது. 2014 மார்ச் 31 ஆம் திகதி, கிழக்குக் கரையில் சங்யோங் பயிற்சி நடந்துகொண்டிருக்க, மேற்குக் கடலில் வடக்கு சுமார் 500 ஷெல்களை ஏவியது. அவற்றில் நூறு வரை எல்லைக் கோட்டுக்குத் தெற்கே விழ, தெற்கு சுமார் 300 ஷெல்களால் பதிலளித்தது. தீவுவாசிகள் பதுங்குகுழிகளுக்குள் ஓடினார்கள். ஒத்திகை ஒரு கரையில், விலை கொடுப்பவர்கள் இன்னொரு கரையில்.

பயிற்சியை நிறுத்தினால் வடகொரியா அணுவாயுதங்களைக் கைவிட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். கைவிடாது. 1992 ஆம் ஆண்டின் வடகொரியா இன்று இல்லை. அணுவாயுதக் கொள்கையை 2023 இல் அரசியலமைப்பிலேயே பொறித்துவிட்ட நாடு அது. 2024 இல் ரஷ்யாவுடன் பரஸ்பர பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டு உக்ரேன் போருக்குப் படையினரையும் அனுப்பியது. எனவே, நான் கோருவது அனைத்துப் பயிற்சிகளையும் கைவிடுவதை அல்ல. தற்காப்புக்கு மிகக் குறைவாகவும் அச்சமூட்டுவதற்கு மிக அதிகமாகவும் உதவுகின்ற ஒரு பயிற்சியை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுத்து, தொலைபேசித் தொடர்புகளை மீட்பதற்கும் 2018 செப்டெம்பரில் செய்துகொள்ளப்பட்டுப் பின்னர் சிதைந்துபோன இராணுவ உடன்படிக்கையின் கடற்பிராந்திய ஏற்பாடுகளை மீளக் கொண்டுவருவதற்கும் விலையாகப் பேசவேண்டும் என்பதே. இம்முறை முதலில் பேசி, பிறகு கொடுக்கவேண்டும்.

2025 ஜூனில் பதவிக்கு வந்த ஜனாதிபதி லீ ஜே மியொங்கின் அரசாங்கம், அந்த வருடம் ஆகஸ்டில் நடந்த கூட்டுப் பயிற்சியின்போது திட்டமிடப்பட்டிருந்த சுமார் 40 களப் பயிற்சிகளில் ஏறக்குறைய அரைவாசியை செப்டெம்பருக்கு ஒத்திவைத்தது. கிம்மின் சகோதரி கிம் யோ ஜொங் அதனை ஏளனத்துடன் நிராகரித்தார். அவரிடமிருந்து வேறு பதிலை எவரும் எதிர்பார்த்திருக்கவும் முடியாது. திகதியை மாற்றுவது சலுகையல்ல என்பதில் அவர் சொன்னது சரியும்கூட. அடுத்த தடவை சியோல் அத்தகையதொரு பட்டியலைத் தயாரிக்கும்போது, போஹாங் கடற்கரை அதில் முதலாவதாக இருக்கவேண்டும். எதிரே என்ன எழுதப்படவேண்டும் என்பதை இப்போதே பியோங்யாங்கிடம் கேட்கத் தொடங்கவேண்டும்.