பொது அறிவில் நமக்குப் பங்கில்லையா?

உலகின் உயர்ந்த சிகரம் எது? எவரெஸ்ட்! அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்டவர் யார்? கொலம்பஸ்! புவியீர்ப்பு விதியை வகுத்தவர் யார்? நியூட்டன்!

டயகமத் தோட்டத்து லயமொன்றிலிருந்து, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் குரல் இவ்வாறு எழும்போது எந்தத் தாயின் உள்ளந்தான் குளிராது? விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பகலெல்லாம் கூடை சுமந்து, நனைந்த உடலோடு மாலையில் திரும்பும் அவள், தன் வாயில் நுழையாத பெயர்களைத் தன் மகள் தடையின்றிச் சொல்வதைக் கேட்டுப் பூரிக்கிறாள். அந்தப் பூரிப்பைக் குறை கூற நாம் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி, அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சை வரை, பொது அறிவு என்னும் வாயிலைக் கடந்தே நம் பிள்ளைகள் செல்லவேண்டியிருக்கிறது. கடக்கட்டும், வெல்லட்டும்!

ஆனால், அதே பிள்ளையிடம் வேறு நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உன் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது? இந்த மலைகளில் தேயிலைக்கு முன்னர் இருந்த பயிர் எது, அஃது ஏன் அழிந்தது? உன் பாட்டனாரின் குடியுரிமை எந்த ஆண்டில் பறிபோனது? தோட்டத் தொழிலாளருக்கென்று முதன்முதல் சங்கம் கண்டவர் யார்?

பெரும்பாலும் கிடைக்கும் விடை மௌனமே. பிள்ளையின் குற்றமா அது? அன்று. கற்பித்தோர் இவற்றைப் பொது அறிவு என்று கருதவில்லை. கேள்வித்தாள் தயாரிப்போரும் கருதவில்லை. நைல் நதி பொது; நம் வாசலில் ஓடும் ஆறு பொதுவன்று! கொலம்பசின் கப்பல் பொது. நம் மூதாதையர் நடந்து வந்த காட்டுப் பாதை பொதுவன்று! பொது என்ற சொல்லுக்கு யாருடைய பொது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

முதற் கேள்விக்கே வருவோம். டயகமவுக்கு மேலே விரிந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை இந்நாட்டின் ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த உயர்நிலம், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1988 இல் அது தேசிய வனமாக்கப்பட்டது. 2010 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது, அதுவும் அப்பட்டியலில் இடம் பெற்றது. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட ஒருவகைத் தேவாங்கு அங்கே உயிரோடிருப்பதைக் காட்டும் முதற் புகைப்படங்கள் வெளியானதும் அதே 2010 இலேதான்.

அந்தச் சமவெளியில் ஊறும் நீர் அக்ரா ஓயாவாக நம் தோட்டங்களின் ஓரமாய் இறங்குகிறது. பிற ஓடைகளோடு கலந்து கொத்மலை ஓயாவாகிறது. தலவாக்கலையில் 2012 இல் தொடங்கப்பெற்ற மேல் கொத்மலைத் திட்டத்தில் 150 மெகாவாட் மின்னாற்றலைப் பிறப்பிக்க உதவுகிறது. 1985 இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. பின்னர் மகாவலி என்னும் பெரும் பெயர் பெற்று, கண்டியைச் சுற்றி, வறண்ட நிலங்களுக்கெல்லாம் வாழ்வளித்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறு அது. நீளம் 335 கிலோமீற்றர். கொழும்பில் எரியும் விளக்குக்கும் வடமத்திய மாகாணத்தில் விளையும் நெல்லுக்கும் நம் மலையின் நீரில் பங்கிருக்கிறது. இதை அறிந்த பிள்ளை, நாட்டின் ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்பவன் என்றா தன்னை எண்ணிக்கொள்வான்? நாட்டின் தலைவாசலில் நிற்பவன் என்றல்லவா நிமிர்வான்!

விஞ்ஞானத்துக்கு வருவோம். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடநூல் கூறுகிறது, பிள்ளையும் ஒப்புவிக்கிறான். ஆனால், கடல்மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் 1,500 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. மலைநாட்டு அடுப்பில் பருப்பு வேக நேரம் பிடிப்பது ஏனென்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. தாயின் அடுப்பங்கரையே ஆய்வுகூடமாக இருக்க, ஆய்வுகூடமில்லை என்று நம் பள்ளிகள் கைகட்டி நிற்பது முறையா? ஆய்வுகூடம் தருவது அரசின் கடமை; அதைக் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் அதுவரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை.

சனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று வீசும் நாட்களில், நம் திம்புளைப் பகுதித் தேயிலைக்குத் தனி மணம் வாய்க்கிறது. மலைக்கு அப்பாலுள்ள ஊவாவிலோ அந்தச் சிறப்பு சூலை முதல் செப்டெம்பர் வரை. ஏன் இந்த வேறுபாடு? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்றோ தன் மழையைக் கிழக்குச் சரிவில் இறக்கிவிட்டு, வறண்டு நம்மிடம் வருகிறது. பருவக்காற்றையும் மழை மறைவையும் விளக்க இதனினும் சிறந்த பாடம் எந்த நாட்டுப் புத்தகத்தில் கிடைக்கும்?

வரலாற்றுக்கு வருவோம். தேயிலைக்கு முன்னர் இம்மலைகளை ஆண்டது கோப்பிப் பயிர். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகவே நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒரு நடைபயணம் நிகழ்ந்ததை நாடறியும்.

அந்தக் கோப்பியை வீழ்த்தியது எது? படையன்று, புயலன்று; கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூஞ்சணம். 1869 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தொழித்தது. நோயை ஆராய 1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, காற்றில் பரவும் வித்திகளே நோயைக் கொண்டு செல்கின்றன என்று காட்டினார். மலைமலையாக ஒரே பயிரை நடுவது நோய்க்கு விரித்த பாய் என்றும் எச்சரித்தார். இடைக்காலத்தில் கொயினா தரும் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தனர் தோட்டத்துரைமார். அதன் விலை வீழ்ந்ததும் தேயிலையைப் பற்றிக்கொண்டனர். ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவர் பெயரைப் பிள்ளைகள் அறிவர், அறியட்டும். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிய கைகளும், குழி தோண்டிய கைகளும் யாருடையவை என்பதையும் அறியவேண்டாமா?

வாழ்க்கை வரலாறுகளுக்கு வருவோம். தஞ்சைத் தரணியில் பிறந்து இலங்கை வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் அந்நியர் நுழையவியலாத அந்நாளில், புடைவை வியாபாரி வேடத்தில் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர், பத்திரிகை நடத்தியவர், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தவர், 1936 முதல் 1947 வரை சட்டசபையில் அட்டன் தொகுதியின் குரலாக நின்றவர். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை, பாட்டுக்களால் தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர். மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிக் காத்தவர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானவர் கோவிந்தன் என்னும் தொழிலாளி. இவர்களுடைய பெயர்கள் பொது அறிவு நூல்களில் எத்தனையாம் பக்கத்தில் இருக்கின்றன?

இவையெல்லாம் பழம்பெருமை, வயிற்றுக்குச் சோறு தருமா என்று கேட்பர் சிலர். அவர்களுக்கு ஒரு சட்டத்தின் கதையைச் சொல்வோம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கியது. அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் போயிற்று. 1949 இல் வந்த மற்றொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. நிபந்தனை என்ன? 1946 சனவரிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும்! லயத்தில் பிறந்து, மலையில் உழைத்து, கைநாட்டு இட்டுச் சம்பளம் வாங்கிய மக்கள், எந்தக் காகிதத்தைக் கொண்டு மெய்ப்பிப்பர்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டிய சட்டம் வர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

மக்களின் அறியாமையே இத்தனைக்கும் காரணம் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது அநீதி. திட்டமிட்டு அடைக்கப்பட்ட கதவு அது. படித்தவனும் அதில் மோதி வீழ்ந்தான். ஆயினும், படிவத்தை வாசிக்க அறிந்தவனுக்கும், எந்தச் சான்றை எங்கே கேட்பது என்று தெரிந்தவனுக்கும், மோதிப் பார்க்கவாவது ஒரு வழி இருந்தது. கைநாட்டுக்காரனுக்கோ, பிறர் சொன்ன இடத்தில் விரலை அழுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அன்று தெரியாமற்போன விவரம் ஒவ்வொன்றும், பிரிந்த குடும்பமாகவும், இராமானுசம் கப்பலில் கதறிய கண்ணீராகவும் விலை கேட்டது. நாளைக்கு நிலவுரிமை வரும், வீட்டுறுதி வரும், சம்பளச் சட்டம் வரும். அவற்றை வாசித்துப் பொருள் கொள்ளப் போகிறவர்கள் இன்று படிக்கும் பிள்ளைகளே. நம் வரலாற்றை அறியாத தலைமுறை, அதே ஏமாற்றத்தைப் புதிய தாளில் அச்சிட்டு நீட்டினாலும் அடையாளம் காணாது. இதுவா வெறும் பழம்பெருமை?

மற்றொரு சாரார், சொந்த ஊரை மட்டும் படித்தால் கிணற்றுத் தவளைகளாவோம் என்பர். நியாயமான அச்சமே. ஆனால் நாம் கேட்பது நைலை நீக்கிவிட்டு அக்ரா ஓயாவை வைப்பதன்று; அக்ரா ஓயாவில் தொடங்கி நைலுக்குப் போவது. கோப்பியை வீழ்த்திய பூஞ்சணத்தை அறிந்த பிள்ளைக்கு, அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் உடனே விளங்கும். அதே கோப்பி நோய் 1970 இல் பிரேசிலை எட்டிய செய்தியும் விளங்கும். மாத்தளைப் பாதையை அறிந்தவனுக்கு, பீஜிக்கும் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் உறவினராவர். காலூன்ற ஓரிடம் வேண்டும். அதன் பிறகே உலகை அளக்கவியலும்.

எனவே நாம் கேட்பன மூன்று. கல்விப் பகுதியினர், மலையகத்தின் ஆறும் பயிரும் வரலாறும் தலைவர்களும் பாடநூலிலும் வினாத்தாளிலும் உரிய இடம் பெறச் செய்யவேண்டும். தொழிலாளரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள், அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டு தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வாசிகசாலை நடத்தவேண்டும். மேதின ஊர்வலத்துக்கு ஆகும் செலவைவிட அஃது ஒன்றும் பெரிதன்று. பல்கலைக்கழகம் வரை சென்று திரும்பிய நம் இளைஞர்கள், தத்தம் தோட்டத்தின் கதையை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதி வைக்கவேண்டும். முதியோர் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

எவரெஸ்டின் உயரத்தை நம் பிள்ளை சொல்லட்டும், கைதட்டுவோம். ஆனால் தான் நிற்கும் மலையின் உயரத்தையும், அதை உயர்த்திய தோள்கள் யாருடையவை என்பதையும் அவனே சொல்லும் நாளிலேதான், பொது அறிவு என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.