சாலையைத் திறந்த கைகள்

தோட்டத்து அன்பர்களே, அடைமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் என்னவாகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லோரி நிற்கும், கடைச்சாமான் வராது, பிள்ளைகளின் பள்ளி பஸ்ஸும் வராது. ஒரு நாளுக்கே நாம் தவித்துப் போகிறோம். ஓராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த சாலையை நினைத்துப் பாருங்கள்.

நியூசிலாந்தின் தென் தீவில் கைக்கோரா என்றொரு சிற்றூர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நடுவே நெடுஞ்சாலையும் ரயில் தண்டவாளமும். 2016 நவம்பர் 14ஆம் நாள், நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் அங்கே 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. இருவர் உயிரிழந்தனர். மலை சரிந்து சாலையை மூடியது. சிக்கிக்கொண்ட சுற்றுப்பயணிகளைக் கப்பலிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

பிறகுதான் சாலைத் தொழிலாளர்களின் வேலை. குவிந்த மண்ணை உடனே அள்ளிவிட முடியாது. அடியில் அள்ளினால் மேலே தொங்கும் பாறை தலையில் விழும். ஆகவே மேலிருந்து தொடங்கினார்கள். கயிற்றில் தொங்கியபடி செங்குத்தான சரிவில் இறங்கி, ஆடிக்கொண்டிருந்த கற்களை நெம்பித் தள்ளினார்கள். ஹெலிகாப்டர்கள் பெரும் வாளிகளில் கடல்நீரை முகந்து ஊற்றி, தளர்ந்த மண்ணைக் கழுவி இறக்கின. அதன் பின்னரே மண்வாரி இயந்திரங்கள் நெருங்கின. மழை கொட்டினாலோ நிலம் மீண்டும் அதிர்ந்தாலோ, சரிவைச் சோதித்துப் பார்த்த பிறகே ஆட்கள் திரும்பினார்கள். அவசரத்தைவிட ஆள் உயிர் பெரிதல்லவா?

அதிர்ச்சியில் கடலடி நிலமே உயர்ந்து வெளியே வந்திருந்தது. சில இடங்களில் மலையை விட்டு விலகி, கடல் பக்கமாகத் தடுப்புச் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் உழைத்தனர். 2017 டிசம்பர் 15ஆம் நாள் சாலை திறந்தது. முதலில் பகலில் மட்டுமே வண்டிகள் ஓடின.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், வெயிலில் கொடி பிடித்து நிற்கும் சாலைத் தொழிலாளியைக் கண்டால் ஹார்ன் அடிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை உரசுவதுபோல் ஓட்டுகிறார்கள். அவருக்காகவும் ஒரு வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டில் காட்டை வெட்டிச் சாலையும் ரயில் பாதையும் போட்டவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு. அந்த நினைவோடு, கொடியைக் கண்ட இடத்தில் வேகத்தைக் குறைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.