சிப் பேரைக் கேளுங்கள்

வைஃபை வரவில்லை என்றதும் லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி நாள் அதில் போய்விடும். பெரும்பாலும் வைஃபை அப்போதும் வராது. இத்தனை பாடு தேவையே இல்லை. எங்கே வலிக்கிறது என்று லினக்ஸிடமே கேட்கலாம், ஒளிக்காமல் சொல்லும்.

உதவி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் டெர்மினலைத் திறந்து ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ அடிக்கச் சொல்வேன். ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்று வந்தால் வைஃபையை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ என்று அடித்தால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் அடுத்த கேள்வி: உள்ளே இருப்பது என்ன சிப்? போர்டில் செருகிய கார்டு என்றால் ‘எல்எஸ்பிசிஐ’, யூஎஸ்பி டாங்கிள் என்றால் ‘எல்எஸ்யூஎஸ்பி’. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி இதைத் தாண்டிப் போகக் கூடாது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் டாங்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் அத்தெராஸ் சிப். அதற்கு லினக்ஸ் கர்னலிலேயே நல்ல டிரைவர் உண்டு. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள். மாடல் எண் அதேதான். தேவைப்படும் டிரைவர் வேறு. நண்பருக்கு வேலை செய்த டாங்கிள் நமக்குச் செய்யாமல் போவது இப்படித்தான். சில டாங்கிள்கள் செருகியதும் சிடி டிரைவாகத் தலைகாட்டும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற நிரல்தான் அதை வைஃபை ஆக்கும்.

டிரைவர் இருந்தும் பலன் இல்லையா? ‘சூடோ டிமெஸ்ஜி’ அடித்து, ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பல சிப்களுக்கு ஏற்றித் தரவேண்டிய சிறு நிரல் அது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் மூல நிரலைக் கொடுப்பதில்லை. அதனாலேயே டெபியன் என்ற லினக்ஸ் வகை தன் அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் அதைச் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. அந்தப் பழைய கொள்கை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் நெட் வருவதற்கான கோப்பை நெட்டிலிருந்து இறக்கச் சொன்னால் புதியவர் என்ன செய்வார்? வழி சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’கைப் போடுங்கள். பெரும்பாலும் வேறு எதுவும் நிறுவாமலே நெட் வந்துவிடும். தேவையான பேக்கேஜை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.

இணைப்பு வந்து வந்து அறுந்தால், நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பு 3 என்றிருக்கிறதா பாருங்கள். அதை 2 ஆக்கினால் மின்சிக்கனம் நிற்கும். மேசைக் கணினிக்கு அது தேவையும் இல்லை. டாங்கிளைச் செருகிய இடத்தையும் கவனியுங்கள். பின்புற யூஎஸ்பி 3 போர்ட்டில், இரும்புப் பெட்டியின் மறைவில் இருந்தால் சிக்னல் குறையும். யூஎஸ்பி 3 எழுப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள்.

இனி டாங்கிள் வாங்கப் போகும்போது விலைக்கு முன்னால் சிப் பேரைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்வாரா என்றாவது கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.